பாஸ்வேர்ட் மேனேஜர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. கீழமாசி வீதி, விளக்குத்தூண் கடைக்காரர்கள் வருவார்கள். திருமங்கலம், மேலூரிலிருந்து பஸ் ஏறியும் வருவார்கள். விண்ணப்பம் போட ஐந்து நிமிஷம் என்றால் பாஸ்வேர்டைத் தேட அரை மணி நேரம் ஆகிறது. காலண்டரின் பின்பக்கத்தில் இருக்கும், பழைய டைரியில் இருக்கும், போன் கான்டாக்டில் 'ஜிஎஸ்டி அண்ணன்' என்ற பெயருக்குக் கீழே இருக்கும். அவர்களிடம் பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கீழே பெயர் வரும் எந்த நிறுவனத்திடமும் நான் ஒரு பைசா வாங்கவில்லை.

"பாஸ்வேர்ட் மேனேஜர்னா என்னண்ணே? அதுவும் ஒரு ஆப்தானா?"

ஆமாம், ஆப்தான். உங்கள் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு பெட்டியில் பூட்டி வைக்கும். பெட்டியைத் திறக்கிற மெயின் பாஸ்வேர்ட் ஒன்று மட்டும் உங்கள் ஞாபகத்தில் இருந்தால் போதும். புதுக் கணக்கு தொடங்கும்போது யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை அதுவே உருவாக்கும், அதுவே சேமிக்கும், அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது அதுவே நிரப்பும்.

முக்கியமான விஷயம், பூட்டுவது உங்கள் போனிலேயே நடக்கிறது. பூட்டிய பெட்டிதான் அந்தக் கம்பெனியின் சர்வருக்குப் போகும். நல்ல மேனேஜர்களில் மெயின் பாஸ்வேர்ட் கம்பெனிக்கே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு மூன்று கேள்விகளுக்கு இதுதான் பதில்.

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் வச்சிருக்கேன். பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையே?"

ஆகாமல் இருந்தது உங்கள் நல்ல நேரம். உங்கள் பாஸ்வேர்டை யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து திருடுவதில்லை. எப்போதோ ஒரு தடவை சட்டை வாங்கிய ஏதோ ஒரு ஆன்லைன் கடையிலிருந்து ஈமெயிலும் பாஸ்வேர்டுமாக லட்சக்கணக்கில் மொத்தமாகப் போகும். எடுத்தவர்கள் அந்த ஜோடியை ஜிமெயிலில், ஷாப்பிங் தளங்களில், ஃபேஸ்புக்கில் என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். பார்ப்பது மனிதர்கள்கூட இல்லை, புரோகிராம். ஒரே சாவி என்றால் எல்லாக் கதவும் திறந்துவிடும்.

இது கற்பனை பயம் இல்லை. 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடிப் பாஸ்வேர்டுகள் வெளியே போயின. அவர்கள் அவற்றைப் பூட்டாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. உங்கள் ஈமெயில் எந்தெந்தத் திருட்டில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் என்பவர் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. அங்கே ஈமெயிலை மட்டும் போட்டால் போதும். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவர்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்காரருக்கு நடந்தது: ஈமெயிலுக்கும் வேறொரு ஆர்டர் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஈமெயிலுக்குள் புகுந்தவன் எதையும் அழிக்கவில்லை. வெளியூர் வியாபாரிகளுக்கு அவர் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று எழுதினான். இரண்டு பேர் பணம் போட்டுவிட்டார்கள். பணம் போனதைவிட, இருபது வருஷப் பழக்கத்தில் சந்தேகம் விழுந்ததுதான் அவரை உடைத்தது.

"என்னோடது யாருக்கும் தெரியாது. பொண்ணு பேரு, அப்புறம் வண்டி நம்பர்."

வண்டி நம்பர் வண்டியின் பின்னாலேயே எழுதியிருக்கிறதே. மதுரை வண்டி என்றால் டிஎன் 58, 59, 64 என்றுதான் பெரும்பாலும் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும். மகள் பெயர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிறந்தநாள் வாழ்த்தோடு வருகிறது. மீனாட்சி, பின்கோடு 625001, பிறந்த வருஷம், கடைசியில் ஒரு அட் குறி: இந்த வகையெல்லாம் திருடும் புரோகிராம் முதலில் போட்டுப் பார்க்கிறவை. ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவதும் அதற்குத் தெரியும்.

"டைரியில எழுதி வச்சா என்ன தப்பு?"

தப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைவிட, வேறு வேறு பாஸ்வேர்ட் வைத்து டைரியில் எழுதிப் பீரோவில் பூட்டுவது எவ்வளவோ மேல். இணையத் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு நான் டைரியைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த டைரி பீரோவில் தங்குவதில்லை. கடைக்கு வருகிறது, மஞ்சப்பையில் என் மேஜைக்கு வருகிறது, டீக்கடையில் மறந்து வைக்கப்படுகிறது. தவிர, கையால் எழுதி, பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும் என்றாலே சின்னப் பாஸ்வேர்டாக வைக்கத்தான் மனம் போகும். போலித் தளம் வந்தால் டைரி உங்களை எச்சரிக்கவும் செய்யாது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைப்பது மட்டும் வேண்டாம். போனைக் கையில் வாங்கும் யாருக்கும் அது திறந்த புத்தகம்.

"ஓடிபி வருதுல்ல. அப்புறம் எதுக்கு இது?"

ஓடிபி நல்லது, எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் போடுங்கள். ஆனால் எல்லாத் தளமும் ஓடிபி கேட்பதில்லை. கேட்கிற இடத்திலும், போலிப் பக்கம் வைத்திருப்பவன் பாஸ்வேர்டை வாங்கியதும் ஓடிபியையும் அதே பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்வான். உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கி ஓடிபியைத் தன் போனுக்குத் திருப்புகிற திருட்டும் உண்டு.

மேனேஜர் இங்கே வேறு விதத்தில் உதவுகிறது. நம் கண்ணுக்கு வங்கித் தளமும் அதன் போலியும் ஒன்று போலவே இருக்கும். மேனேஜர் படத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நிரப்பாமல் நின்றுவிடும். வழக்கமாகத் தானாக நிரம்பும் இடத்தில் ஒரு நாள் நிரம்பவில்லை என்றால், கை வைக்காமல் முகவரியைப் படியுங்கள்.

"எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்சு, அந்தப் பெட்டியவே தூக்கிட்டுப் போயிட்டாய்ங்கன்னா?"

சரியான கேள்வி. அப்படி நடந்தும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் புகுந்தார்கள். வாடிக்கையாளர்களின் பெட்டிகளின் நகலையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதை அந்த நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. பாஸ்வேர்டுகள் பூட்டியே இருந்தன. ஆனால் யார் எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தன.

பெட்டி கையில் கிடைத்த பிறகு திருடன் ஆற அமர உட்கார்ந்து மெயின் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பெயரும் பிறந்த வருஷமும் வைத்திருந்தவர்களின் பெட்டி திறந்துவிடும். நீளமாக, தாறுமாறாக வைத்திருந்தவர்களின் பெட்டியை அந்த வழியில் திறப்பது நடக்காத காரியம். ஆகவே எந்தக் கம்பெனி என்பதற்குச் சமமாக உங்கள் மெயின் பாஸ்வேர்ட் எப்படி என்பதும் முக்கியம். லாஸ்ட்பாஸை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்காக மேனேஜரே வேண்டாம் என்று பழைய ஒற்றைப் பாஸ்வேர்டுக்குத் திரும்புவது, வீட்டுப் பூட்டு சரியில்லை என்று கதவையே கழற்றி வைப்பது போல.

"கூகுளே 'சேவ் பண்ணவா'னு கேக்குதே. அது போதாதா?"

பலருக்குப் போதும். ஆண்ட்ராய்டு போனும் குரோமும் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அதில் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளின் சொந்த வசதி உண்டு. 2024-ல் ஐஓஎஸ் 18 வந்தபோது அது தனி ஆப்பாகவே வந்துவிட்டது.

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஆண்ட்ராய்டில் உங்கள் போன் லாக் தெரிந்தவருக்கு அந்தப் பாஸ்வேர்டுகளும் தெரியும். கேம் விளையாடப் பேரனுக்குப் பேட்டர்ன் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். இரண்டு, எல்லாம் ஒரு கூகுள் கணக்கில் தொங்குகிறது. அந்தக் கணக்குக்கு இரட்டைப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி மாதிரி இன்னொன்றையும் கேட்கும் வசதி, போடாமல் இதை நம்பாதீர்கள்.

"அப்ப எதைப் போட? ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே."

பிட்வார்டன். போனில் ஆண்ட்ராய்டு, கடையில் விண்டோஸ், மகளிடம் ஐபோன் என்று கலந்து கிடக்கும் நம் வீடுகளுக்கு அதைத்தான் சொல்கிறேன். 2016-ல் வந்தது. இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்ட் வேண்டுமானாலும், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் வைக்கலாம். அதன் நிரல் வெளிப்படையாக இருப்பதால் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துக் குறை சொல்ல முடியும்.

என் பொருள் வேறொருவன் சர்வரில் இருக்கவே கூடாது என்று நினைப்பவருக்கு கீபாஸ். 2003 முதல் இருக்கிறது, முழுக்க இலவசம். எல்லாம் ஒரே ஃபைலாக உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கம்ப்யூட்டருக்கு கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டுக்கு கீபாஸ்டிஎக்ஸ் என்று அதே ஃபைலைத் திறக்கும் ஆப்கள் உண்டு. ஆனால் அந்த ஃபைலை பென்டிரைவில் நகல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. டேலி பேக்கப்பைத் தவறாமல் எடுக்கிற ஆள் என்றால் தைரியமாகப் போடுங்கள். அதையே மறக்கிறவர் என்றால் வேண்டாம்.

ஒன்பாஸ்வேர்ட் கனடா நிறுவனம், நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் இலவசத் திட்டம் கிடையாது. மெயின் பாஸ்வேர்டோடு ஒரு நீளமான ரகசியச் சாவியும் தருவார்கள். சர்வரிலிருந்து பெட்டி திருடு போனாலும் அந்தச் சாவி இல்லாமல் திறக்காது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகம் காசு கொடுத்து வாங்கலாம். பெயர் தெரியாத ஆப் ஒன்று பிளே ஸ்டோரில் விளம்பரத்தோடு வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

"அந்த மெயின் பாஸ்வேர்ட எப்படி வைக்க? பெருசா வச்சா மறந்துருமே."

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து வார்த்தைகள். 1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் சொன்ன வழி இது: 7,776 வார்த்தைகள் கொண்ட பட்டியல், தாயக்கட்டை உருட்டுவது மாதிரி ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு வார்த்தை. நான்கு வார்த்தைக்கே ஏறக்குறைய 3,656 லட்சம் கோடி விதங்கள் வரும். ஐந்தாவது வார்த்தை அதை இன்னும் 7,776 மடங்காக்கும்.

அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடிப்பது நமக்கு ஞாபகத்தில் நிற்கும். தடிமனான தமிழ் அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து விரல் வைத்த வார்த்தையை எடுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள், நம் மனம் தேர்ந்தெடுத்தால் அம்மா, முருகன், மல்லிகை என்றுதான் போகும். பாட்டு வரி, பழமொழி, சாமி பெயர் கூடாது.

ஒரு சிக்கலை அனுபவத்தில் கண்டேன். 'வாழை' போல ழகரமோ நெடிலோ வருகிற வார்த்தையை ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் அடித்துவிட்டு, பெட்டி திறக்கவில்லை என்று அலறுவார்கள். அப்படி வந்தால் அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மறுபடி பிரியுங்கள். 'குடம்', 'மிளகு', 'பனை' மாதிரி ஒரே விதமாக அடிக்க வருபவை நல்லது. இந்த மூன்றையும் நான் இங்கே எழுதிவிட்டதால் நீங்கள் வைக்காதீர்கள்.

"அதையும் மறந்துட்டா, கம்பெனிக்கு போன் பண்ணி வாங்கிக்கலாமா?"

முடியாது. முதல் கேள்வியில் சொன்னதுதான், அவர்களுக்கே தெரியாது. முதல் மாதம் தினமும் ஒரு தடவை விரல் ரேகை இல்லாமல் அடித்துப் பழகுங்கள். காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதவே கூடாது என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

"பேங்க் பாஸ்வேர்ட், யுபிஐ பின் எல்லாம் இதுல போடலாமா?"

நெட் பேங்கிங் பாஸ்வேர்டைப் போடலாம், நானும் போட்டிருக்கிறேன். யுபிஐ பின்னும் ஏடிஎம் பின்னும் வேண்டாம். அவை நான்கு அல்லது ஆறு எண்தான், மனதில் நிற்கும், மேனேஜரால் அங்கே நிரப்பவும் முடியாது. சில வங்கித் தளங்கள் ஒட்டவே விடாது. அங்கே மட்டும் பெட்டியைத் திறந்து பார்த்துக் கையால் அடிக்க வேண்டியதுதான்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே வங்கிக்கும், சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியிலும் தவறில்லை, உங்களிடமும் தவறில்லை, இடையில் வேறெங்கோ நடந்த திருட்டு என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. நீங்களே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் உங்களுடையது.

"நேத்து வரைக்கும் பேங்க் பாஸ்வேர்ட் தானா வந்துச்சு, இப்ப வரல. ஆப் கெட்டுப்போச்சா?"

ஆப் சரியாகத்தான் இருக்கிறது. போலித் தளமோ என்று முகவரியைப் படிக்கச் சொன்னேன் அல்லவா, அதை முதலில் செய்யுங்கள். முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிந்தால் காரணம் வேறு. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வங்கிகளுக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதால் போலியை அடையாளம் காண நமக்கு நல்ல வசதி. உங்கள் பெட்டியில் பழைய முகவரி இருப்பதால் மேனேஜர் நிரப்ப மறுக்கிறது.

பாஸ்புக்கிலோ கிளையிலோ புது முகவரியை உறுதி செய்துகொண்டு, பெட்டியில் இருக்கும் முகவரியை ஒரு தடவை திருத்துங்கள். மெசேஜில் வந்த லிங்கைப் பார்த்துத் திருத்தக் கூடாது. இந்த மாற்றத்தைச் சாக்கு வைத்தே போலி மெசேஜ் அனுப்ப முடியும்.

"பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல இதைத் திறக்கலாமா?"

கூடாது. என் கடைக் கம்ப்யூட்டரிலும் கூடாது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் புரோகிராம் உள்ளே இருந்தால் உங்களுக்கும் தெரியாது, சில சமயம் கடைக்காரருக்கும் தெரியாது. பெட்டியை உங்கள் போனில் திறந்து, வேண்டிய ஒரு பாஸ்வேர்டை மட்டும் பார்த்து அடியுங்கள். போனால் அது ஒன்றோடு போகும். வீட்டுக்குப் போனதும் அதை மாற்றிவிடலாம்.

"ஜிஎஸ்டி பாஸ்வேர்ட நீங்களே வச்சுக்கங்கண்ணே, எனக்கு எதுக்கு?"

பாசத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. என்னைப் போன்ற எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்தது. என்னிடமும் இருந்தது, ஐம்பது அறுபது கடைகளின் பாஸ்வேர்டும் ஒரே நோட்டில். ஒரு நாள் அந்த நோட்டைக் காணாமல் இரண்டு மணி நேரம் தேடினேன், பழைய பேப்பர் கட்டுக்குள் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தை மறக்க முடியவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் மேனேஜரில் ஏற்றிவிட்டு நோட்டைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. பதிவான போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும், உங்கள் பெட்டியிலும் அந்தப் பாஸ்வேர்ட் இருக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் வேறு ஆளிடம் போனாலும், என்னிடம் கேட்டு நிற்காமல் மாற்றிக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டு தர மறுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணுமாமே?"

வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டித்தான் மாற்றுகிறார்கள். திருடு போனதாகத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். தளமே கட்டாயப்படுத்தினால் மேனேஜரில் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

"பாஸ்கீ வைக்கவான்னு கேக்குது. ஓகே குடுக்கலாமா?"

கொடுக்கலாம். பாஸ்வேர்டே இல்லாமல் விரல் ரேகையிலோ போன் லாக்கிலோ உள்ளே போகும் முறை அது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-ல் சேர்ந்து இதைக் கொண்டுவருவதாக அறிவித்தன. சாவியின் ரகசியப் பாதி தளத்துக்குப் போவதே இல்லை, அதனால் அங்கிருந்து திருட ஒன்றும் இல்லை. போலித் தளத்தில் வேலையும் செய்யாது.

கேட்க வேண்டியது, அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று. கடைப் பையனின் போனில் உங்கள் கணக்குக்கு பாஸ்கீ வைத்துவிட்டால் சாவி அவனிடம். பிட்வார்டன் பெட்டியிலேயே வைத்தால் எல்லாக் கருவியிலும் கிடைக்கும்.

"நூறு கணக்கு இருக்கும்போல. எங்கருந்து ஆரம்பிக்க?"

ஈமெயிலிலிருந்து. மற்ற எல்லாக் கணக்கின் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' லிங்கும் அங்கேதான் வருகிறது. அடுத்து வங்கி, பிறகு வருமான வரி, ஜிஎஸ்டி, பிஎஃப். மற்றவற்றை ஒரே நாளில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். எந்தத் தளத்துக்கு எப்போது போகிறீர்களோ அப்போது மாற்றினால் சில மாதங்களில் தானாக முடிந்துவிடும்.

"எங்க வீட்டுக்காரர் திடீர்னு போயிட்டார் தம்பி. எல்லாம் அவர் போன்லதான் இருந்துச்சு."

இதைக் கேட்டு வந்த அக்காவுக்கு என்னால் பாதிதான் உதவ முடிந்தது. வங்கிக்கு இறப்புச் சான்றிதழோடு போனால் வழி உண்டு. ஆனால் யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு, குடும்பப் படங்கள், கடையின் ஈமெயில் எல்லாம் பூட்டிய போனுக்குள். அதற்குப் பிறகுதான் புதிதாக மேனேஜர் போடுகிற எல்லோரிடமும் இதையும் அன்றைக்கே செய்யச் சொல்கிறேன்.

கூகுளில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் குறிக்கும் காலம் வரை, குறைந்தது மூன்று மாதம், உங்கள் கணக்கில் அசைவு இல்லையென்றால் நீங்கள் சொன்ன ஆட்களுக்குத் தகவலும், நீங்கள் அனுமதித்த படங்கள், ஃபைல்களும் போகும். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில், நம்பிக்கையான ஒருவர் பெட்டியைக் கேட்டு, நீங்கள் குறித்த நாட்களுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும் ஏற்பாடு இருக்கிறது.

எதுவும் வேண்டாம் என்றால் ஒரு கவர் போதும். உள்ளே போன் லாக், ஈமெயில் முகவரி, மெயின் பாஸ்வேர்ட். ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, கவர் எங்கே இருக்கிறது என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆயுத பூஜை அன்று கணக்கு நோட்டுக்குப் பொட்டு வைக்கும்போது அந்தக் கவரைப் பிரித்து, உள்ளே எழுதியதை அடித்துப் பெட்டி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுக் கவரில் ஒட்டி வையுங்கள்.